கை கொடுக்காத பெருநாள்

பினாங்கு
8.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு, தம்பி இஷாக்கின் ஸலாம்.

உறையின் மேல் இருக்கும் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இவ்வளவு தூரம் பிரித்துவிட்டீர்கள் என்றால் அதுவே எனக்குப் போதும். மதினிக்கும் தஹ்சீனுக்கும் என் ஸலாம். ஊரை விட்டு வந்து இருபது மாதம் ஆகிறது, ஒரு வரி எழுதவில்லை. இப்போது மட்டும் என்ன வந்துவிட்டது என்று நீங்கள் கேட்டால் அது நியாயம்தான்.

போன் செய்திருக்கலாமே என்பார் மதினி. செய்தேன். இரண்டு தடவை. நீங்கள் எடுத்து "யாரு?" என்றதும் வைத்துவிட்டேன். காகிதம் என்றால் நீங்கள் குறுக்கே பேச முடியாது. அந்த ஒரு தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் இங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் டீ ஆற்றுகிறேன். திண்டுக்கல்லில் உங்கள் கூடவே பன்னிரண்டு வருடம் பிரியாணிச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றவன் இங்கே டீ ஆற்றுகிறான், சிரித்துக்கொள்ளுங்கள். கடைக்கு மேல் மாடியில் ஒரு வைத்தியசாலை இருக்கிறது. டாக்டர் லிம் என்று ஒரு சீனப் பெண்மணி. கைரோபிராக்டர் என்று சொல்கிறார்கள். மருந்து கிடையாது, ஊசி கிடையாது. முதுகு, கழுத்து, மூட்டு எல்லாவற்றையும் கையாலேயே அசைத்துப் பார்த்துச் சரிசெய்வார். நம் ஊரில் சுளுக்கு எடுப்பவரை நினைத்துக்கொள்ளாதீர்கள், இவர் பல வருடம் படித்தவர். தினமும் நாலு மணிக்கு அவருக்கு டீ கொண்டுபோவேன்.

இங்கே ரொட்டி போடுகிறவர் பாஸ்கல். நம் மேட்டுப்பட்டிக்காரர். போன வாரம் நோன்புப் பெருநாள் அன்று எல்லாரும் எனக்கு வாழ்த்துச் சொல்ல வந்தார்கள். நான் இரண்டு கையையும் நீட்டினேன். பாஸ்கல் வலது கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு இடது கையைக் கொடுத்தார். கடை முழுக்க ஆட்கள். எனக்கு முகம் செத்துப்போனது. பிறகு அடுப்பறையில் வந்து மெதுவாகச் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க பாய். கை மரத்துப்போய்க் கெடக்கு. நீங்க புடிச்சு அமுக்குனா கத்திருவேன். மொதலாளிக்குத் தெரிஞ்சா கல்லுகிட்ட நிக்க விடமாட்டாரு."

அண்ணே, நான் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

2023 பெருநாள். பேகம்பூரில் தொழுகை முடிந்து எல்லாரும் எல்லாரையும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதற்கு முன் சித்தையன்கோட்டைக் கல்யாணத்தில் சோறு குழைந்துவிட்டதென்று வேலையாட்கள் முன்னால் என்னை நீங்கள் வைதிருந்தீர்கள். அதை மறந்துவிட்டுத்தான் நான் வந்தேன். முசாபா செய்ய இரண்டு கையையும் நீட்டினேன். நீங்கள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு "வீட்டுக்குப் போ, வாரேன்" என்றீர்கள். ஜமாஅத்தே பார்த்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்: என் அண்ணன் பெருநாளில்கூட எனக்குக் கை கொடுக்கவில்லை.

அதற்கு முந்தைய முப்பது நாளும் பள்ளிவாசலுக்கு நோன்புக் கஞ்சி காய்ச்சியது நீங்கள். நோன்பும் வைத்துக்கொண்டு, மத்தியானம் முழுக்க அந்தப் பெரிய கரண்டியைக் கிண்டிக்கொண்டு. இதை நான் அன்று நினைத்துப் பார்க்கவில்லை. இரண்டு வருடம் நினைத்துப் பார்க்கவில்லை. ஒரு ரொட்டிக்காரர் வந்து எனக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது.

டாக்டர் லிம்மிடம் கேட்டேன். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் மரத்து, சுண்டுவிரல் மட்டும் நன்றாக இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். தூக்கத்தில் எரிந்து எழுந்து கையை உதறுகிறீர்களா? டம்ளர் நழுவுகிறதா? சட்டைப் பொத்தான் போட வருகிறதா? எனக்கு எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் தம்பி
இஷாக்


திண்டுக்கல்
29.4.2025

தம்பி இஷாக்குக்கு, அண்ணன் முகமது பாரூக் ஸலாம் கூறி எழுதுவது.

எழுதுவது நான் அல்ல, மகள் தஹ்சீன். நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். ஏன் என்று உனக்குத்தான் இப்போது தெரிந்துவிட்டதே. பேனா பிடித்தால் நாலு வரியில் நழுவுகிறது. போனும் அப்படித்தான், இரண்டு நிமிடம் காதில் வைத்தால் கை யாருடையதோ ஆகிவிடுகிறது. போன் வந்து கட் ஆன அன்றே உன் மதினியிடம் "இது நம்ம பயதான்" என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். மூன்று விரலும் மரப்பு, மோதிரவிரல் பாதி. சுண்டுவிரல் மகாராஜா மாதிரி இருக்கிறது. உதறுவது உண்டு. டம்ளர் கணக்கில்லாமல் உடைந்தது. பொத்தானை உன் மதினி மெஹராஜ் போட்டுவிடுகிறாள், ஐம்பது வயதில் எனக்குப் பள்ளிக்கூடப் பையன் உபசாரம்.

தொடங்கியது 2022 கடைசியில். யாரிடமும் சொல்லவில்லை. சட்டியைக் கிண்டுகிறவனுக்குக் கைதான் பேர். சூடு தெரியாமல் விரல் வெந்துபோய், கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் வெந்தது தெரியும். அந்தப் பெருநாள் காலையில் தோள்வரைக்கும் வலி. நீ கை கொடுத்தால் சும்மா கொடுக்க மாட்டாய், சின்ன வயதிலிருந்தே நசுக்கித்தான் கொடுப்பாய். ஊர் முன்னால் நான் கத்தியிருப்பேன். வீட்டுக்கு வா, அங்கே சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீ வீட்டுக்கு வரவில்லை. நானும் தேடி வரவில்லை. எனக்கு வெட்கம், உனக்குக் கோபம். இரண்டும் சேர்ந்து நம்மை முடித்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாமல் இருக்கலாம். நான் குடிக்கிறேன், அதனால்தான் கை ஆடுகிறது என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. பிஸ்மி சொல்லிச் சட்டியைத் திறக்கிற பண்டாரி குடிகாரன் என்றால் எந்த வீட்டில் கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள்? ஒவ்வொன்றாக நின்றது. அடுத்த ரமலானில் கஞ்சிக்கு வேறு ஆளை வைத்துக்கொண்டு, "நீங்க ஓய்வெடுங்க பாய்" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

யார் கிளப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. மெஹராஜ் தொழுகைப் பாயில் உட்கார்ந்து அந்த வாயைச் சபிக்கிறாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது குஜிலியம்பாறை பக்கம் ஒரு மில் கேன்டீனில் வேலை. நீராவியில் சோறு தானாக வெந்துவிடுகிறது. உப்பு, உறைப்பு சொல்வது மட்டும் நான். நாக்கு இன்னும் மரக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வஸ்ஸலாம்
பாரூக்

சின்னத்தா, இது நான், தஹ்சீன். இரண்டு வருடம் கழித்து உங்கள் கடிதம் வந்த அன்று அத்தா அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கினார். இதை எழுத வேண்டாம் என்று அவர் சொல்ல முடியாது, இது நானாக எழுதுவது. அந்த டாக்டரிடம் எல்லாவற்றையும் கேட்டு விவரமாக எழுதுங்கள்.


பினாங்கு
20.5.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை டீ மேசைக்கு அடியில் வைத்து வைத்துப் படித்ததில் ஒரு ஓரம் பால்கறை ஆகிவிட்டது. தஹ்சீன், உன் எழுத்து அழகாக இருக்கிறது, என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

டாக்டர் லிம்மிடம் நீங்கள் சொன்ன ஒவ்வொன்றையும் சொன்னேன். ஒரு பொம்மைக் கையை எடுத்துக் காட்டினார். மணிக்கட்டில் சின்னச் சின்ன எலும்புகள் எட்டு. அதன் மேல் ஒரு கெட்டியான பட்டை. நடுவில் ஒரு குறுகலான சந்து. அந்தச் சந்துக்குள் விரலை மடக்குகிற தசைநாண் ஒன்பதும், ஒரு நரம்பும் போகின்றன. ஓயாமல் அழுத்திப் பிடித்து ஒரே வேலையைச் செய்தால் நாண்கள் வீங்கி நரம்பை நெருக்குகின்றன. அந்த நரம்பு சுண்டுவிரலுக்குப் போவதில்லை, அதனால்தான் உங்கள் மகாராஜா தப்பித்தார். கார்பல் டன்னல் என்று பேர்.

பாஸ்கலுக்கு முதலில் கழுத்தைத்தான் பார்த்தார். கழுத்தில் நரம்பு நெருங்கினாலும் கை இப்படி மரக்குமாம். அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு மணிக்கட்டு எலும்புகளை மெதுவாக அசைத்துவிட்டார், முன்கைத் தசையை நீவினார், நரம்பு வழுக்கிப் போவதற்கு ஒரு பயிற்சி சொல்லித்தந்தார். தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் இருக்க ஒரு கட்டு. ரொட்டி மாவை அடிக்கும்போது கையை வளைக்காமல் தோளைப் போட்டு அடிக்கச் சொன்னார். ஆறு வாரத்தில் பாஸ்கல் பாட்டுப் பாடிக்கொண்டு ரொட்டி போடுகிறார்.

அவர் லீவில் ஊருக்கு வருகிறார். அவரிடம் உங்களுக்கு ஒரு கட்டு கொடுத்து அனுப்புகிறேன். பயிற்சியையும் அவரே செய்து காட்டுவார். டாக்டர் உங்கள் இரண்டு உள்ளங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டோ கேட்கிறார், கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதை தெரிகிற மாதிரி. சிலருக்கு இந்த வைத்தியம் கேட்கும், சிலருக்குக் கேட்காது, தொடக்கத்திலேயே வந்தால்தான் நல்லது என்றும் சொன்னார். அவர் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டார், அவர் சுபாவம் அது. நீங்கள் ஒரு மாதம் இங்கே வந்து இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும்.

அந்தப் பேச்சைக் கிளப்பியவன் எவனாக இருந்தாலும் விட்டுத்தள்ளுங்கள் அண்ணே. ஆளைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? மதினியையும் சபிக்க வேண்டாம் என்று நானும் சொன்னதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி
இஷாக்


திண்டுக்கல்
14.6.2025

தம்பிக்கு, அண்ணனின் ஸலாம். பக்ரீத் நல்லபடியாக முடிந்தது.

பாஸ்கல் வந்தார். நல்ல மனிதர். வாசலிலேயே நின்றுகொண்டு இடது கையை நீட்டினார், நானும் இடது கையை நீட்டினேன், இருவரும் சிரித்துவிட்டோம். மெஹராஜ் அவரைச் சாப்பிடாமல் விடவில்லை.

கட்டைப் போட்டுக்கொண்டு தூங்குகிறேன். முதல் வாரமே விடியும்வரை எழுந்திருக்காமல் தூங்கினேன். பாங்கு சத்தத்துக்கும் நான் எழாததால் மெஹராஜ் பயந்துபோய் என் மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாளாம். பயிற்சியும் செய்கிறேன். மில் கேன்டீனில் ஓரமாக நின்று செய்ததை முனீஸ்வரி என்று ஒரு பெண் பார்த்துவிட்டாள். அவளுக்கும் கை மரப்பாம். இப்போது டீ இடைவேளையில் எட்டுப் பெண்கள் என்னோடு நின்று கையை மடக்கி நீட்டுகிறார்கள். சூப்பர்வைசர் வந்து "என்ன பாய், டான்ஸ் கிளாஸா?" என்கிறார்.

வலி குறைந்தது உண்மை. ஆனால் பிடிமானம் வரவில்லை. பத்து ரூபாய் நாணயத்தைத் தரையிலிருந்து எடுக்க முடியவில்லை. நீ கேட்ட போட்டோ இத்துடன் இருக்கிறது. வலது கையில் கட்டைவிரலுக்குக் கீழே பள்ளமாக இருக்கும். உன் டாக்டரைப் பயப்படாமல் சொல்லச் சொல்.

டீக்கடை சேதுபதி உன்னை விசாரித்தான். நீ எழுதுகிறாய் என்று சொன்னேன். "அப்படியா, நல்லது" என்றான்.

மெஹராஜ் ஒவ்வொரு தொழுகைக்கும் உனக்காக துஆ கேட்கிறாள். கூடப் பிறந்தவன் ஒருவன்தான் கையைப் பிடித்தான் என்கிறாள்.

வஸ்ஸலாம்
பாரூக்

சின்னத்தா, அத்தா சொல்லாத ஒன்று. போன வருடம் கன்னிவாடியிலிருந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், அந்தக் குடிப் பேச்சைக் கேட்டு வேண்டாம் என்றார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை, மாப்பிள்ளை என்னைவிட அவர் போனைத்தான் அதிகம் பார்த்தார். ஆனால் அத்தா அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால்தான் கேட்கிறேன், நீங்கள் லீவு போட்டு வர முடியாதா? நீங்கள் பக்கத்தில் நின்றால் அவருக்குத் தெம்பாக இருக்கும்.
தஹ்சீன்


பினாங்கு
11.7.2025

அண்ணே, இதைத் தனியாக இருக்கும்போது படியுங்கள். தஹ்சீன் பக்கத்தில் இருந்தால் மடித்து வைத்துவிடுங்கள்.

முதலில் கை. டாக்டர் லிம் போட்டோவில் உங்கள் இரண்டு உள்ளங்கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இது என் கைக்கு மிஞ்சியது. சதை கரைந்திருக்கிறது, நரம்பு பல மாதமாக நெருங்கிக் கிடக்கிறது. என்னிடம் வரச் சொன்னால் நான் அவருக்குத் தீங்கு செய்கிறேன். நரம்பு பரிசோதனை செய்து, தாமதிக்காமல் அறுவை சிகிச்சை." சின்ன ஆபரேஷன்தானாம், அந்தப் பட்டையை வெட்டிவிட்டால் நரம்புக்கு வழி கிடைக்குமாம். போன கடிதத்தில் ஒரு மாதம் வந்தால் போதும் என்று எழுதினேன் அல்லவா, அது அவர் சொன்னது அல்ல. நானாகச் சேர்த்தது. உங்களை நான்தான் குணப்படுத்தினேன் என்று இருக்க வேண்டும் என்பதற்காக எழுதினேன். என் ஆசைக்கு உங்கள் கையில் இரண்டு மாதம் போய்விட்டது.

இனி மற்றது. இதை எழுத மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

அந்தப் பேச்சைக் கிளப்பியது நான்.

அந்த 2023 பெருநாள் முடிந்து நாலாம் நாள். சேதுபதி கடை. அன்று காலையில் அங்கே உங்கள் கையிலிருந்து டம்ளர் விழுந்து உடைந்திருக்கிறது. பெஞ்சில் ஐந்தாறு பேர். ஒருவர் கேட்டார்: "ஏம்ப்பா இஷாக்கு, உங்கண்ணன் கை என்ன இம்புட்டு ஆட்டம் ஆடுது?" நான் டீயைக் குடித்துக்கொண்டே சொன்னேன்: "ராத்திரி உள்ள போனது காலைல வெளிய தெரியத்தான செய்யும்." எல்லாரும் சிரித்தார்கள். சேதுபதி மட்டும் சிரிக்கவில்லை. அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அம்புட்டுத்தான் அண்ணே. ஒரே ஒரு வாக்கியம். வேறு யாரிடமும் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய வேலையே இல்லாமல் போனது. அவர்களே அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உங்களுக்குக் கல்யாண வேலைகள் நிற்பது தெரிந்தும், "நான் விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று ஒரு ஆளிடம்கூடப் போய்ச் சொல்லாமல் ஆகஸ்டில் விமானம் ஏறினேன். முப்பது நாள் நோன்போடு பள்ளிவாசலுக்குக் கஞ்சி காய்ச்சிய கையை நான் குடிகாரன் கை ஆக்கினேன்.

அதைவிடக் கேவலம், மே மாதக் கடிதம். "கிளப்பியவன் எவனாக இருந்தாலும் விட்டுத்தள்ளுங்கள்" என்று பெருந்தன்மையாக எழுதிவிட்டு, தபாலில் போட்டுவிட்டு, அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன். நீங்கள் என்னைச் சந்தேகிக்கவில்லை என்று எனக்கு அவ்வளவு நிம்மதி. பிறகு மதினி எனக்காக துஆ கேட்கிறார் என்று வந்தது. தஹ்சீனின் கன்னிவாடி விஷயம் வந்தது. கண்ணாடி முன் நின்று முகம் சவரம் செய்ய முடியவில்லை.

ஜமாஅத் செயலாளருக்கு ஒரு தாள் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நடந்தது முழுக்க அதில் இருக்கிறது, கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஜும்ஆவுக்குப் பிறகு வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் இல்லை.

இஷாக்


பினாங்கு
30.9.2025

அண்ணனுக்கு,

பதில் இல்லை. எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை. பாஸ்கலின் தம்பியிடம் போனில் விசாரிக்கச் சொன்னேன், நீங்கள் மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததாகச் சொன்னார். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை.

ஆபரேஷன் ஆனதா, அதை மட்டும் தஹ்சீனை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். என் பேரைக்கூட எழுத வேண்டாம். தினமும் தபால்காரர் வரும் நேரத்தில் டீயைத் தரையில் ஆற்றிக்கொண்டிருக்கிறேன்.

இஷாக்


திண்டுக்கல்
23.11.2025

இஷாக்,

எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள். இது என் கை.

ஆபரேஷன் செப்டம்பர் பதினைந்தாம் தேதி மதுரையில். கையை மட்டும் மரக்கவைத்தார்கள், இருபது நிமிடத்தில் முடிந்தது. உன் டாக்டரம்மா சொன்னதைத்தான் அவர்களும் சொன்னார்கள். எரிச்சல் அடுத்த நாளே போய்விட்டது. விரல் நுனியில் உணர்வு மெதுவாக வருகிறது. கரைந்த சதை முழுக்க வராது என்றார்கள். பெரிய சட்டியை இனி என்னால் கிண்ட முடியாது. அந்த அம்மாவுக்கு என் ஸலாம் சொல். தன்னால் முடியாது என்று சொல்லத் தெரிந்த வைத்தியரை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

உன் ஜூலைக் கடிதம் வந்தபோது நான் தனியாகத்தான் இருந்தேன். படித்தேன். அதில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. நீ அந்தப் பேச்சைப் பேசிய அன்று சாயங்காலமே சேதுபதி வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லிவிட்டான். "உங்க தம்பியே சொல்றான் பாய், என்னாலயே தாங்க முடியல" என்றான். இரண்டு வருடமும் எனக்குத் தெரியும்.

பிறகு ஏன் ஏப்ரலில் யார் என்று தெரியாது என்று எழுதினேன்? அதை எழுதியது தஹ்சீன். சின்னத்தா கடிதம் போட்டுவிட்டார் என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கையால் உன் பேரை எழுதவைக்க எனக்கு மனம் வரவில்லை. உன் ஜூலைக் கடிதத்துக்கும் அவளை வைத்துப் பதில் எழுத முடியாது. அதனால்தான் நாலு மாதம். ஆபரேஷன் வேண்டாம், கட்டே போதும் என்று முரண்டு பிடித்துக்கொண்டிருந்தவன், உனக்கு என் கையால் எழுத வேண்டியிருக்கிறதே என்றுதான் மேசையில் போய்ப் படுத்தேன். பதினைந்து நாளாக ஒரு நாளைக்கு நாலைந்து வரியாக இதை எழுதுகிறேன்.

உன்னைப் பற்றி நீ எழுதியதெல்லாம் சரி. உனக்கு வெட்கமாக இருக்க வேண்டியதுதான். ஆனால் என் பங்கும் ஒன்று இருக்கிறது, அதையும் தெரிந்துகொள். நான் குடிக்கவில்லை என்று நிரூபிக்க எனக்கு ஒரு நிமிடம் போதும். பள்ளிவாசலில் நின்று கையைக் காட்டி, "நரம்பு செத்துப்போச்சு, பிடிக்க முடியல" என்று சொல்லியிருந்தால் முடிந்தது. சொல்லவில்லை. குடிகாரன் என்றால் ஒரு நாள் குடியை விட்டுவிட்டேன் என்று சொல்லித் திரும்பி வரலாம், கை போன பண்டாரியை யார் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். கையை மறைக்க அந்தக் கெட்ட பேரை வைத்துக்கொண்டேன். அதை மெஹராஜும் தஹ்சீனும் சுமந்தார்கள். கன்னிவாடிக்காரர்கள் போன அன்று அவள் முகத்தை நான் பார்க்காதது அதனால்தான். ஆபரேஷன் முடிந்து வந்ததும் மெஹராஜிடம் என் பங்கைச் சொன்னேன். அன்று என் சட்டையைத் தொடவில்லை. மறுநாள் பொத்தான் போட்டுவிட்டாள்.

உன் பங்கை நான் யாரிடமும் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

செயலாளருக்கு நீ எழுதிய தாளை நான் கொடுக்கவில்லை. இதே உறையில் திருப்பி அனுப்புகிறேன். வாயால் சொன்னதை வாயால்தான் எடுக்க வேண்டும். நீ பினாங்கில் டீ ஆற்றிக்கொண்டிருப்பாய், இங்கே யாரோ ஒருவர் மைக்கில் உன் பேரை வாசிப்பாரா? அப்படி வேண்டாம்.

அடுத்த நோன்புக்கு முன்னால் வா. முதலில் சேதுபதி கடைக்குப் போ, பெஞ்சில் ஆள் இருக்கிற நேரமாகப் பார்த்து. அன்று சொன்ன அதே இடத்தில் நின்று சொல். பிறகு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் சொல், நான் பக்கத்தில் நிற்கிறேன், என் கையைப் பற்றி நானும் சொல்கிறேன். பிறகு வீட்டுக்கு வா.

வீட்டில் தஹ்சீன் இருப்பாள். நீ வருகிறாய் என்று தெரிந்தால் சோற்றுக்கு உனக்குப் பிடித்த வெஞ்சனம் என்னவென்று இப்போதே மெஹராஜை நச்சரிப்பாள். உன் கடிதங்களை அவள்தான் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறாள். ஜூலைக் கடிதம் மட்டும் என் சட்டைப் பையில் இருக்கிறது. அதை உன்னிடம் தருகிறேன். அவள் சாப்பாடு போடுவதற்கு முன்னால் சொல்லிவிடு, போட்ட பிறகு சொல்லாதே. அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்காக நான் உன்னை மன்னிக்க முடியாது.

எனக்காக என்றால், இந்த வருடப் பெருநாளில் பேகம்பூரில் எல்லாரும் முசாபா செய்துகொண்டிருந்தபோது உனக்குத்தான் கை கொடுக்க வேண்டியிருந்தது என்று நினைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். வரும் பெருநாளுக்கு நீ எதிரே நின்றால் வலது கையையே தருவேன். தழும்பு இன்னும் இளசாக இருக்கிறது, நசுக்காமல் பிடி.

உன் அண்ணன்
பாரூக்